ஒட்டுகிற மண்

அவைத் தலைவர் அவர்களே, காலையிலிருந்து பந்தலடியிலேயே நிற்கும் பஞ்சாயத்துத் தலைவி அவர்களே, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பொன்னாடையோடு அப்பளக் கட்டும் கொடுத்த கல்லிடைக்குறிச்சி வாசகர் வட்டத்து அண்ணாச்சிமார்களே, தாய்மார்களே, பின்வரிசையில் செல்போன் பார்க்கும் மருமக்களே, வணக்கம்.

அன்புக்குப் பல மொழிகளில் என்ன பேர் என்று பேசச் சொன்னார்கள். கிரேக்கம், வடமொழி, அரபி என்று மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்.

கிரேக்கத்தில் மோகத்துக்கு ஏரோஸ், சிநேகிதத்துக்கு ஃபிலியா, பெற்ற பாசத்துக்கு ஸ்டோர்கே. நாலாவது அகாப்பே. பாளையங்கோட்டைப் பக்கம் கோயில் கல்யாணத்தில் பைபிளில் முதலாம் கொரிந்தியர் 13ஆம் அதிகாரம் வாசிக்கும்போது 'அன்பு' என்று காதில் விழுவது அதுதான். சரி, பாசத்தில் 'சவத்து மூதி' என்று வைகிறோமே, அதற்கு அங்கே சொல் உண்டா?

வடமொழியில் ஸ்நேகம் என்றால் அன்பு. எண்ணெய் என்றும் அர்த்தம். மலையாளத்தில் அது அன்பு, தெலுங்கில் நட்பு. எங்க அம்மைக்கு இதெல்லாம் தெரியாது. எண்ணெய் தெரியும். "எண்ணெயைத் தேய்ச்சுக்கிட்டுப் புரண்டாலும் ஒட்டுற மண்ணுதாம்ல ஒட்டும்" என்பாள்.

அம்மை என்றதும் ஞாபகம் வருகிறது. தம்பி மகன் பெங்களூரில் படிக்கிறான், ஏழு வயது. போன வாரம் போனில் அம்மை, "ஏல ராசா, ஆச்சிக்கு ஒன்ன ரொம்பத் தேடுதுல" என்றாள். அவன் பதறிப்போய், "ஆச்சி, நான் தொலைஞ்சு போகல. ஃபிளாட்லதான் இருக்கேன்!" என்றான். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அம்மை சிரிக்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்து முந்தானையால் துடைத்தாள். அப்புறம் மறுபடி காதில் வைத்து, "தொலைஞ்சாத்தாம் தேடணுமால?" என்றாள். பதில் வருவதற்குள் லைன் போய்விட்டது.

கொஞ்சம் கைதட்டுங்கள், எனக்கில்லை, அவளுக்கு.

அதனால்தான் ஊர் ஊராகச் சொல்கிறேன், வீட்டுக்கு ஒரு சொல் நோட்டு வேண்டும். ஒப்பிலக்கணம் எழுதி 1856இல் வெளியிட்ட கால்டுவெல் நம்ம இடையன்குடியில்தான் குடியிருந்தார். எங்கிருந்தோ வந்தவர் மொழி மொழியாகச் சொற்களை ஒப்பிட்டு எழுதினார். ஆச்சி சொல்லும் பத்துச் சொல்லை எழுத நமக்கு நேரமில்லை. பிள்ளைகள் எத்தனை மொழி வேண்டுமானாலும் தேய்த்துக்கொண்டு புரளட்டும். ஒட்டுவதற்கு மண் இருக்க வேண்டாமா? கொஞ்சுகிற சொல், வைகிற சொல் எல்லாம் எழுதுங்கள்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். அரபியை அடுத்த கூட்டத்தில் பார்ப்போம். நோட்டு நாற்பது கொண்டுவந்திருக்கிறேன். மேடைக்குக் கீழே அண்ணாச்சி வைத்திருக்கிறார். முதல் பக்கத்தில் 'தேடுது' என்று நானே எழுதிவிட்டேன், நீங்கள் இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள்.