கண்டியில் சாப்பாடு டெலிவரி: ஆப்புக்குத் தெரியாத ஏற்றம்

வணக்கம் மக்களே. இப்போது மாலை 5.40. மஹியாவையில் என் அறைக்கு வெளியே நின்று பேசுகிறேன். ஆறு மணிக்கு ஆப்பை ஆன் செய்ய வேண்டும், அதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஹற்றன், தலவாக்கலை, புசல்லாவைப் பக்கத்துத் தம்பிமார் நிறையப் பேர் ஒரே கேள்விதான் கேட்கிறீர்கள். "அண்ணா, இருக்கிற வேலையையும் வைத்துக்கொண்டு டெலிவரி ஓடினால் கையில் காசு நிற்குமா?" நிற்கும். பகலில் நான் ஹாட்வெயார் கடையில் பில் போடுகிறேன். ஆறிலிருந்து பத்து வரை ஓட்டம். உடம்பு சரியில்லை என்றால் ஆன் செய்வதில்லை. தீபாவளிக்கு ஊரில் நாலு நாள் நின்றேன், யாரிடமும் லீவு கேட்கவில்லை. அந்தச் சுதந்திரம் உண்மையானது.

ஆனால் இது மலை. கொழும்பில் ஓடுகிறவர் சொல்லும் கணக்கு இங்கே ஒத்துவராது. நான் ஓடும் ஆப் கிலோமீற்றரைத்தான் எண்ணும், ஏற்றத்தை எண்ணாது. டவுனில் பார்சலை எடுத்துக்கொண்டு பஹிரவகந்த புத்தர் சிலைப் பக்கம் ஏறுங்கள், தெரியும். தூரம் கொஞ்சம்தான், பாதி வழி முதல் கியர். இறங்கும்போது பிரேக் ஷூ தேய்கிறது. அந்தத் திரும்பி வரும் தூரத்துக்குக் காசும் இல்லை.

போன வெள்ளிக்கிழமைக் கணக்கைச் சொல்கிறேன். ஏழு ஓடர். திரையில் 1,640 ரூபா. பைக் மீற்றரில் 46 கிலோமீற்றர். பெற்றோலுக்கு ஏறக்குறைய 400 போனது. டயர், ஒயில், பிரேக் என்று 150 தனியாக எடுத்து வைத்தேன். மிச்சம் 1,090. அதுதான் என் சம்பளம், 1,640 இல்லை. இந்தப் பழக்கம் எனக்கு 2022இல் வந்தது. பெற்றோல் தட்டுப்பாட்டில் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்த புதிதில் பைக்குக்கு வாரம் 4 லீற்றர்தான், அதற்கு முன் லீற்றர் 470 ரூபா வரை போனதும் ஞாபகம் இருக்கும். அப்போது தொடங்கியதுதான் இந்தக் கொப்பி, இதோ பாருங்கள். ஒவ்வொரு நாளும் மீற்றர் எண்ணை எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

அப்புறம் மெப். மலையில் ஒரு வீதிக்கு மேலே இன்னொரு வீதி ஓடும். மேலிருந்து பார்க்கிற மெப்பில் இரண்டும் ஒட்டிக்கொண்டு இருக்கும். ஒரு மழை இரவு, அஸ்கிரிய பக்கம், குறி காட்டிய இடத்தில் நிற்கிறேன். முன்னால் வெறும் மண் அணை. போன் எடுத்தால் ஓர் அம்மா, "தம்பி, மேலே பாருங்க, டோர்ச் அடிக்கிறேன்" என்கிறார். தலைக்கு மேலே வெளிச்சம் ஆடுகிறது. கூப்பிட்டால் கேட்கும் தூரம், சுற்றிப் போக இருபது நிமிடம். பார்சல் ஆறிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, துண்டு ஒன்றைக் கொடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டு போகச் சொன்னார். அன்றிலிருந்து ஏற்றத்து ஓடர் வந்தால் முதலில் போன் எடுத்து ஒரே கேள்வி கேட்பேன்: "வீடு வீதிக்கு மேலேயா, கீழேயா?" சிங்களத்திலும் இதைக் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள், உடத, பஹலத என்றாலே போதும்.

இன்னொன்று, கொத்து ரொட்டிக்குக் கொடுக்கிற குழம்புப் பை. முடிச்சுப் போட்ட அந்தச் சின்னப் பொலித்தீன் பை வளைவில் சாய்ந்தால் பார்சல் முழுக்க நாசம். வெறும் ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைப் பேக்குக்குள் வைத்திருக்கிறேன், பை அதற்குள் நேராக நிற்கும். இதுவரை கசிந்ததில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கட்டுகஸ்தோட்டைப் பக்கமோ பேராதனை வீதியிலோ ஓடுங்கள், அங்கே ஏற்றம் குறைவு. ஹந்தானைக்கு இரவில் மழையோடு வேண்டாம். இன்சூரன்ஸ் தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் உங்கள் பைக்குக்கு அடிபட்டால் காசு வராது, அதையும் நினைவில் வையுங்கள்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு தம்பிமார் வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் ஓடப்போவதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். அவர் சம்பளத்தில் 8 வீதம் ஈபிஎஃப்புக்கு, அதாவது ஊழியர் சேமலாப நிதிக்குப் பிடித்தார்கள், தோட்டம் 12 வீதம் போட்டது, ஈடிஎஃப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் போட்ட 3 வீதம் வேறு. 50 வயதில் அந்தக் காசை எடுத்துத்தான் எங்கள் லயத்துக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டோம். ஆப்பில் நீங்கள் தொழிலாளி இல்லை, பார்ட்னர். உங்கள் பேரில் ஒரு சதம்கூட அப்படிச் சேராது. கால் முறிந்து இரண்டு மாதம் படுத்தால் அந்த இரண்டு மாதமும் வருமானம் இல்லை. எங்கள் அம்மாமார் நாள் முழுக்கக் கொழுந்துக் கூடையைச் சுமந்து சேர்த்த உரிமை அது. நாங்கள் அதைத் தெரியாமல் கைவிட்டுவிடக் கூடாது. கடை வேலை சின்னச் சம்பளம்தான், ஆனாலும் ஈபிஎஃப் கட்டுகிற முதலாளி கிடைத்தால் விடாதீர்கள். டெலிவரி மாலைக்கு இருக்கட்டும்.

மணி ஆறாகப் போகிறது, மழை தூறத் தொடங்கிவிட்டது. ரெயின்கோட்டை எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பின் சக்கரத்துப் பிரேக் ஷூ மாற்றுகிறேன், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கழற்றிக் காட்டுகிறேன்.