மேல்தளத்திலிருந்து தெரியாத குடும்பம்

வணக்கம் நேயர்களே. புலம்பெயர்ந்தோரைப் பற்றிய கலை என்றதும் பலருக்கும் ஒரு கப்பல் புகைப்படம் நினைவுக்கு வரும். ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1907-ல் எடுத்தது. கீழ்த்தளத்தில் நெருக்கியடித்து நிற்கும் மக்கள், சால்வை போர்த்திய பெண்கள், குழந்தைகள். அமெரிக்காவுக்குக் குடியேற வந்தவர்களின் படம் என்றே அதைப் பலரும் நம்பினார்கள். உண்மையில் அந்தக் கப்பல் நியூயார்க்கிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது! படத்தில் இருப்பவர்கள் அமெரிக்காவை விட்டுக் கிளம்பியவர்கள். ஸ்டீக்லிட்ஸோ முதல் வகுப்புப் பயணி. தொப்பி, புகைபோக்கி, ஏணிப்படி ஆகியவற்றின் வடிவங்கள் ஒன்றோடொன்று பொருந்திய விதமே தன்னை ஈர்த்தது என்று பின்னாளில் அவரே எழுதினார். படத்தின் அழகில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் மேல்தளத்திலிருந்து பார்ப்பவருக்குக் கூட்டம் தெரிகிறது, குடும்பம் தெரிவதில்லை.

குடும்பத்துக்கு உள்ளேயிருந்து ஒருவர் பார்த்தால் என்ன தெரியும்? மோனா ஹாத்தூம் 1988-ல் உருவாக்கிய ஒரு காணொளிப் படைப்பைச் சொல்கிறேன். அவர் பெய்ரூத்தில், 1948-ல் ஹைஃபாவை இழந்து வந்த ஒரு பாலஸ்தீனக் குடும்பத்தில் பிறந்தவர். 1975-ல் லண்டனுக்குப் போயிருந்தபோது லெபனானில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஊர் திரும்ப முடியவில்லை. பெற்றோருக்கு ஒரு இடப்பெயர்வு என்றால் மகளுக்கு இன்னொன்று. படைப்பில் தாய் குளிக்கும்போது எடுத்த நிழற்படங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. அவற்றின் மேல் தாய் எழுதிய கடிதங்களின் அரபு எழுத்துகள் திரைச்சீலை போலப் படர்ந்திருக்கின்றன. மகள் அந்தக் கடிதங்களை ஆங்கிலத்தில் வாசிக்கிறார். பின்னணியில் இருவரும் அரபு மொழியில் பேசிச் சிரிக்கிறார்கள்.

அந்தச் சிரிப்புதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. போர், பிரிவு, திரும்ப முடியாத ஊர் எல்லாம் கடிதங்களில் இருக்கின்றன. இந்தப் படங்களை எடுத்ததற்காகத் தந்தை கோபப்பட்ட செய்தியும் இருக்கிறது. இவற்றுக்கு நடுவே தாயும் மகளும் மற்றவர் காதில் விழக் கூடாத பெண்களின் பேச்சைக் குதூகலமாகப் பேசிக்கொள்கிறார்கள். அவர்களுடைய மனவுறுதியைப் பற்றி அங்கே யாரும் சொற்பொழிவாற்றுவதில்லை. இத்தகைய கண்காட்சிகளின் அறிமுகக் குறிப்புகளில் வாரி இறைக்கப்படும் புகழுரைகளைப் படித்துச் சலித்த எனக்கு அது பெரிய ஆறுதல்.

கொரியாவில் பிறந்த டோ ஹோ சு வேறு வழியில் போகிறார். சியோலில் தன் தந்தை கட்டிய மரபுவழி வீட்டை, 1999-ல் மெல்லிய பட்டுத் துணியில் முழு அளவில் தைத்தார். மடித்தால் பெட்டியில் அடங்கிவிடும். எந்த ஊரிலும் கூரையிலிருந்து தொங்கவிடலாம். காட்டப்படும் ஊர்களின் பெயர்கள் தலைப்போடு சேர்ந்துகொண்டே போகும். அழகான படைப்புதான். ஆனால் இது படிக்கப் போனவரின் வீடு, துரத்தப்பட்டவரின் வீடு அல்ல. அந்த வேறுபாட்டை மறந்து எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் சேர்ப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

நாட்டெல்லை தாண்டாத புலம்பெயர்வும் உண்டு. அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து வடக்கு நகரங்களுக்குப் போன லட்சக்கணக்கான கறுப்பின மக்களை ஜேக்கப் லாரன்ஸ் 60 சிறு ஓவியங்களில் வரைந்தார். அப்படி வந்த பெற்றோரின் பிள்ளை அவர். 1941-ல் வேலை முடிந்தபோது அவருக்கு வயது 23. வண்ணங்கள் மாறிவிடக் கூடாது என்பதற்காக 60 பலகைகளிலும் ஒரு வண்ணத்தைப் பூசி முடித்த பிறகே அடுத்ததைத் தொட்டார். பலகைகளைத் தயார் செய்யவும் விளக்க வாசகங்களை எழுதவும் உதவியவர் ஓவியர் க்வெண்டலின் நைட். அதே ஆண்டில் இருவரும் மணந்துகொண்டார்கள்.

58-ஆம் ஓவியத்தில் மூன்று சிறுமிகள் கரும்பலகையில் எழுதுகிறார்கள். வடக்கில் கிடைத்த கல்வியைச் சொல்லும் படம். அதை மட்டும் அச்சிட்டு மாட்டினால் வெற்றிக்கதை ஆகிவிடும். 52-ல் இனக்கலவரம் இருக்கிறது. 55-ல் சவப்பெட்டி, நெரிசலான குடியிருப்புகளில் காசநோய் பரவிய கதை அது. 57-ல் வெள்ளாடை அணிந்த சலவைத் தொழிலாளிப் பெண் நீண்ட கோலால் துணிகளைக் கிளறிக்கொண்டிருக்கிறாள். இவை தொடரின் கடைசிப் பகுதியில் அடுத்தடுத்து வருபவை. லாரன்ஸ் எதையும் மறைக்கவில்லை, எதையும் பெரிதாக்கவும் இல்லை.

தொடரை இரண்டு அருங்காட்சியகங்கள் பங்கிட்டு வாங்கிவிட்டன. இரட்டைப்படை எண்கள் நியூயார்க்கில், ஒற்றைப்படை எண்கள் வாஷிங்டனில். ஆக, நியூயார்க்கில் இருக்கும் பாதியை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவருக்குப் பள்ளிச் சிறுமிகள் கிடைப்பார்கள். சவப்பெட்டியும் சலவைக்காரப் பெண்ணும் கிடைக்க மாட்டார்கள். 60-ஐயும் இணையத்தில் வரிசையாகப் பார்க்கலாம். அப்படியே பாருங்கள். நன்றி, வணக்கம்.