ஓரியல் கிரேயின் பிரதிகளைக் காப்பது எப்படி?

அவையோருக்கு வணக்கம்.

1955இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு நாடகப் போட்டியில் இரண்டு நாடகங்கள் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டன. ஒன்று ரே லாலரின் ‘சம்மர் ஆஃப் த செவன்டீன்த் டால்’. அந்த ஆண்டே மெல்பர்னில் மேடையேறி, பிறகு லண்டன் வரை போனது. மற்றது ஓரியல் கிரே என்ற பெண் நாடகாசிரியரின் ‘த டாரன்ட்ஸ்’. 1890களில் ஒரு தங்கச் சுரங்க ஊர். ஆண் என்று நம்பி அங்குள்ள பத்திரிகை வேலைக்கு எடுத்த ஜே. ஜி. மில்ஃபோர்ட், பெண்ணாக வந்து நிற்கிறாள். இந்த நாடகம் தொழில்முறை மேடையைக் காண நாற்பதாண்டுக்கு மேல் ஆயிற்று. எழுத்தில் குறை இருந்ததால் அல்ல. பிரதி யார் கைக்கும் எளிதில் கிடைக்கவில்லை என்பதும் ஒரு காரணம் என்பேன். 2019இல் சிட்னி தியேட்டர் கம்பெனியும் பெர்த்தின் பிளாக் ஸ்வான் நாடகக் குழுவும் இதை எடுத்தபோது அச்சுப் புத்தகம் இருந்தது.

கிரே, மோனா பிராண்ட் போன்றோர் சிட்னி நியூ தியேட்டர் என்ற இடதுசாரி நாடகக் குழுவுக்காக எழுதியவர்கள். காசில்லாத குழு. அப்படிப்பட்ட குழுக்களின் பிரதிகள் பெரும்பாலும் சைக்ளோஸ்டைல் தாளிலும் கார்பன் நகலிலும்தான் இருக்கும். மலிவான மரக்கூழ்த் தாளில் அமிலம் இருப்பதால் ஓரம் பழுத்து, மடித்த இடத்தில் முறியும். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். அதைப் பிடுங்காதீர்கள். பின்னுக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பாலியெஸ்டர் பிளாஸ்டிக் துண்டைச் செருகி, தட்டைக் கரண்டியால் கால்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி எடுங்கள். கிழிசலுக்கு செலோடேப் வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். அமிலமற்ற உறை போதும். அறையில் 20 டிகிரி, ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதத்துக்குள்.

ஸ்கேன் எடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால், இயக்குநர் சிவப்புப் பென்சிலால் அடித்த வசனமும் எழுதியவர் நீலத்தில் திருத்திய வசனமும் ஒன்றாகிவிடும். வண்ணத்தில், 400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 400 புள்ளி), தரம் குறையாத டிஃப் படக்கோப்பாக எடுங்கள். வெற்றுப் பின்பக்கத்தையும் விடாதீர்கள்; நடிகர்கள் நுழைவுக் குறிப்பை அங்கேதான் கிறுக்கியிருப்பார்கள். கார்பன் நகலை எழுத்துணரி மென்பொருள் தப்பாகப் படிக்கும். வரிக்கு வரி படத்தோடு ஒப்பிட்டே தீரவேண்டும். இரண்டு பிரதிகள் முரண்பட்டால் கலந்து ‘நல்ல’ பிரதி ஒன்று செய்ய ஆசை வரும். கூடாது. எது ஒத்திகைப் பிரதி, எது போட்டிக்குப் போனது என்று தனித்தனியாகக் குறியுங்கள். கோப்புகள் மூன்று படி, இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு ஊரில்.

இடதுசாரிகளை வேவு பார்த்த ஆஸ்திரேலிய உளவு அமைப்பான அசியோவின் கோப்புகளையும் தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள். ரசிகர்கள் தூக்கிப்போட்டதைச் சந்தேகப்பட்டவர்கள் பத்திரமாக வைத்திருப்பதுண்டு!

கடைசியாக, உரிமை. கிரே இறந்தது 2003இல். ஆஸ்திரேலியச் சட்டப்படி பதிப்புரிமை 2073 முடிய உண்டு. பெட்டியை நூலகத்துக்குக் கொடுத்தால் தாள்தான் கைமாறும், உரிமை மாறாது. மேடையேற்ற அனுமதி தரவேண்டியவர் யார் என்பதை, கொடுக்கும் நாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டுக்கு நாடகம் தேடும் குழு, வாரிசைத் தேடி அலைய நேர்ந்தால் வேறு நாடகத்துக்குப் போய்விடும்.