ஜெயித்த காளையின் முதல் காட்சி

வணக்கம் நேயர்களே. கிருஷ்ணகிரியில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பிழைப்பவன் நான். ரியாலிட்டி ஷோ பற்றிப் பேச என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று காவேரிப்பட்டணம் தாண்டும் வரை பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். யார் ஜெயித்தார் என்று தெரிந்ததும் கதையின் முதல் காட்சி மாறிவிடும். என் கையாலேயே அப்படி மாற்றியிருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு காளைக் கதை. பொங்கல் முடிந்தால் நம் பக்கம் எருது விடும் விழா. தடுப்புக் கட்டிய தெருவில் காளைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடுவார்கள். குறித்த தூரத்தைக் குறைந்த வினாடிகளில் கடக்கும் காளைக்குப் பரிசு. ஒரு வருடம் இரண்டு காளைகள் அவிழ்த்த இடத்திலேயே கொஞ்சம் நின்று, கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஓடின. ஒன்று பரிசு வாங்கியது, இன்னொன்று வாங்கவில்லை. சாயங்காலம் டீக்கடையில் முதல் காளையைப் பற்றி, "பார்த்தியா, கூட்டத்தை அளந்துட்டுத்தான் கிளம்புச்சு" என்றார்கள். இரண்டாவதைப் பற்றி, "ஜனத்தைப் பார்த்ததும் மிரண்டுடுச்சுப்பா" என்றார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். இரண்டும் ஒரே மாதிரிதான் நின்றன.

டிவியில் அந்த டீக்கடை வேலையை எடிட்டிங் அறை செய்கிறது. சர்வைவர் என்று ஒரு போட்டி. ஆட்களைத் தீவில் விட்டு ஒவ்வொருவராக வெளியே அனுப்புவார்கள், கடைசி வரை தாக்குப்பிடிக்கிறவருக்குப் பட்டம். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு தொடங்கியது. தமிழில் 2021இல் வந்தது. சான்சிபார் தீவில் எடுத்தார்கள், அர்ஜுன் நடத்தினார், விஜயலட்சுமி ஜெயித்தார். இந்த மாதிரிப் போட்டிகளில் தீவு ஆட்டமெல்லாம் முன்கூட்டியே படம்பிடித்து முடித்துவிடுவார்கள். எடிட்டிங் மேசையில் உட்காருகிறவருக்கு, எந்த வாரம் யார் வெளியே போகிறார் என்பது கண்ணெதிரே இருக்கும். மூன்றாம் வாரம் போகப் போகிறவரின் ஊரையும் அம்மாவையும் காட்ட அவர் நேரத்தைச் செலவழிப்பாரா? மாட்டார். கடைசி வரை வருகிறவருக்குத்தான் அம்மா, பட்ட கடன், தண்ணீரைக் கண்டால் இருக்கும் பயம் எல்லாம்.

அமெரிக்க ரசிகர்கள் இதைக் கண்டுபிடித்து ஒரு கணக்கே வைத்திருக்கிறார்கள். எடிட், லாஜிக் இரண்டையும் சேர்த்து எட்ஜிக் என்று அதற்குப் பெயர். வாராவாரம் யாரை எவ்வளவு காட்டினார்கள், நல்லவராகவா கெட்டவராகவா, தன் திட்டத்தைத் தானே சொல்ல விட்டார்களா என்று மார்க் போட்டு, யார் ஜெயிப்பார் என்று ஊகிக்கிறார்கள். ஆட்டத்தை விட்டுவிட்டு வெட்டியவரின் மனசைப் படிக்கிற வேலை. நம் ஊர்ப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் பின்னிவிடுவார்கள்.

ஜெயித்தவர் கதையை வெட்டுவது சுலபம். முதல் வாரம் ஒரு தப்பு, நடுவில் அதைத் திருத்திக்கொள்வது, கடைசியில் கோப்பை. இரண்டாம் இடத்துக்காரரின் கதைதான் கஷ்டம். அவர் ஜெயித்துவிடுவாரோ என்று கடைசி நிமிடம் வரை நமக்குப் பதற வேண்டும். தோற்றதும், "அட, அப்பவே தெரிந்ததே" என்றும் தோன்ற வேண்டும். அதற்காக ஏதாவது ஒரு வாக்கியத்தை முதலிலேயே ஓர் ஓரமாகப் போட்டு வைப்பார்கள். "நான் யாரையும் நம்பமாட்டேன்" என்று ஒருவர் கேமரா முன்னால் சொல்கிறார் என்று வையுங்கள். ஜெயித்தால் அது ஜாக்கிரதை. தோற்றால் அதுவே தோல்விக்குக் காரணம். பேச்சு மாறவில்லை, பின்னால் போடும் இசை மட்டும் மாறும். ஜெயிக்கிறவருக்குப் புல்லாங்குழல் என்றால் தோற்கிறவருக்கு ஓர் ஒற்றை வயலின். நாங்களும் பெண்ணை அனுப்பிவைக்கும் காட்சிக்கு அதைத்தான் போடுகிறோம்!

சரி, பிக் பாஸ் என்று கேட்பீர்கள். அது வேறு மாதிரி. ஒரு நாள் முழுக்க எடுத்ததை மறுநாளுக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேரமாகச் சுருக்க வேண்டும். யார் ஜெயிப்பார் என்று அப்போது அங்கே யாருக்கும் தெரியாது. ஓட்டு மக்கள் கையில். அதனால் எடிட்டர் நாலைந்து பேர் மேல் கொஞ்சம் கொஞ்சம் பந்தயம் கட்டி வைக்கிறார். சில சமயம் கதை அவர் கையை மீறிவிடும். 2017இல் முதல் சீசன் பட்டத்தை ஆரவ் வாங்கினார். ஆனால் இன்றைக்கும் அந்த சீசன் என்றால் ஜனங்கள் பேசுவது பாதியிலேயே வெளியே போன ஓவியாவைப் பற்றித்தான். ஏழாம் சீசனில் நடுவில் வைல்டு கார்டாக நுழைந்த அர்ச்சனா 2024 ஜனவரியில் பட்டம் வென்றார். முதல் நாளில் அவர் அந்த வீட்டிலேயே இல்லை. அப்படியானால் அவர் கதைக்கு முதல் காட்சி எங்கே?

அந்த நிகழ்ச்சியில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கடைசி வாரத்தில், இறுதிக்கு வந்தவர்களுக்கு அவர்கள் கடந்து வந்த பாதையை ஒரு வீடியோவாகப் போட்டுக் காட்டுவார்கள். பட்டம் யாருக்கு என்று அப்போது முடிவாகியிருக்காது. அதனால் எல்லோருடைய வீடியோவும் ஜெயித்தவரின் வீடியோ மாதிரியே இருக்கும். அந்த நாட்களில் மட்டும் அந்த வீட்டில் எல்லோரும் ஜெயித்தவர்கள். பட்டம் கொடுத்த மறுநாள் இரண்டாம் இடத்துக்காரரின் வீடியோவைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஒரு ஃப்ரேமைக்கூட யாரும் மாற்றவில்லை, ஆனால் அழுகை வரும்.

நாம் உட்கார்ந்திருக்கிற இந்தத் தருமபுரியில், அதாவது பழைய தகடூரில், இது இரண்டாயிரம் வருடத்து விவகாரம். பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றான், அதியமான் தோற்றான். வென்றவனைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில்கிழார் பாடினார். பரிசு ஒன்பது நூறாயிரம் காணம், அதாவது பொற்காசு, கூடவே சிம்மாசனம். சிம்மாசனத்தை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்கிறது பதிகம். அதே அரிசில்கிழார்தான், தகடூர்ப் போரில் விழுந்த அதியமான் குலத்து எழினிக்காகவும் இரங்கிப் பாடியிருக்கிறார்; புறநானூறு 230ஆம் பாட்டு. ஜெயித்த கட்சியிலும் ஒரு ஷாட், தோற்ற கட்சியிலும் ஒரு ஷாட். ஆனால் இன்று தருமபுரிப் பிள்ளைகளிடம் கேட்டால் இரும்பொறையா பெயர் வரும்? ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான்தான் வருவார். அவருக்கு வாய்த்த எடிட்டர் ஔவை.

தெருக்கூத்திலும் அப்படித்தான். பாண்டவர்கள் ஜெயிப்பார்கள் என்று ஜமுக்காளத்தில் தூங்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். இருந்தாலும் கர்ண மோட்சத்தன்று விடிய விடியக் கூட்டம் கலையாது. முடிவு தெரிந்துவிட்டால், தோற்கிறவனை நிதானமாகப் பார்க்க நேரம் கிடைக்கிறதோ என்னவோ.

அப்புறம், என் கதை. சில வருடங்களுக்கு முன் ஓர் உள்ளூர் பாட்டுப் போட்டியை வீடியோ எடுத்து, நாலு பகுதியாகக் கொடுக்கச் சொன்னார்கள். எடுத்தது ஒரே நாளில், ஒரு கல்யாண மண்டபத்தில். ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பிள்ளை வந்தாள். பஸ் லேட். மண்டப வாசலில் இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, மூச்சு வாங்க முதல் பாட்டைப் பாடினாள். என் கேமராக்காரத் தம்பி அந்த ஓட்டத்தை முழுசாக எடுத்திருந்தான். முடிவு அறிவிக்கும் முன்பே, முதல் பகுதிக்கு அதுதான் முதல் காட்சி என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

ராத்திரி முடிவு சொன்னார்கள். ஒரு பையன் முதலிடம், அவள் இரண்டாமிடம். மறுநாள் உட்கார்ந்து வெட்டும்போது, பையனின் தாத்தா டீ ஆற்றும் காட்சி முதலில் போய் உட்கார்ந்தது. பஸ் காட்சியை அதற்குப் பின்னால் வைத்துப் பார்த்தேன். நேரத்துக்கு வரத் தெரியாத பிள்ளை மாதிரி தெரிந்தது. எடுத்துவிட்டேன்.

ஒளிபரப்பான பிறகு அவளுடைய அம்மா போன் செய்தார். சண்டைக்கு வரவில்லை. "அண்ணா, எங்க பாப்பா பஸ்ல இருந்து ஓடி வந்ததைத்தான் காட்டவே இல்லையே. அவங்க அப்பா பார்க்கணும்னு கேட்டாரு" என்றார். அப்பா வெளியூரில் லாரி ஓட்டுகிறவர். அந்தத் துண்டை மட்டும் தனியாக எடுத்து அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இருபத்திரண்டு வினாடி. இசை எதுவும் சேர்க்கவில்லை. பஸ் ஹாரனும் அவள் மூச்சு வாங்குவதும் அப்படியே கேட்கும்.