கயிறும் தலையும்

நேயர்களுக்கு வணக்கம்.

விசர்நாய்க்கடியைப் பற்றி வானொலியில் பேச வாருங்கள் என்று அழைத்தார்கள். பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். மிருகங்களில் இந்த நோயை ஆய்வுகூடத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், ஊரில் எப்படிக் கட்டுப்படுத்துவது என்று இரண்டு பகுதியாகக் குறிப்பெழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். மிருக வைத்தியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு முதல் பகுதியிலேயே கால் ஊன்றி நின்றுவிடுகிற பழக்கம் உண்டு. இரண்டாம் பகுதிக்கு எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்று பார்ப்போம்.

உங்கள் ஒழுங்கையை நினைத்துக்கொள்ளுங்கள். ரியூசன் விட்டு வருகிற பிள்ளையை, படலையடியில் நின்ற நாயொன்று கெண்டைக்காலில் கடித்துவிடுகிறது. உடனே ஊர் இரண்டாகப் பிரியும். பாதிப்பேர் பிள்ளையைத் தூக்குவார்கள். மீதிப்பேர் பொல்லைத் தூக்குவார்கள். பிள்ளை ஓட்டோவில் ஏறுவதற்குள் நாயின் கதை முடிந்திருக்கும், அதுவும் மண்டையில் அடித்து. பொழுதுபடுவதற்குள் பனங்காணிக்குள் கிடங்கு வெட்டித் தாட்டும் விடுவார்கள். அடுத்த நாள் காலையில் பிஎச்ஐ, அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மோட்டார் சைக்கிளில் வந்து கேட்பார்: "நாய் எங்கே?" யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

முதலில் பிள்ளையைப் பார்ப்போம், நாய் பிறகு. காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளம். இந்த வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது. சவர்க்காரம் அந்தக் கொழுப்பைக் கரைத்துவிடும், உறை போனால் வைரஸ் செயலிழந்துவிடும். சுண்ணாம்பு, மஞ்சள், கோப்பித்தூள் எதுவும் வேண்டாம். கழுவியதும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்று இன்னும் பயப்படுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊசி போய் எத்தனையோ காலம், இப்போது கையில்தான் போடுகிறார்கள். நாயின் பரிசோதனை முடிவு வரட்டும் என்று எவரும் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். இதை இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது நாய்.

"டொக்டர், நாயின் இரத்தத்தை எடுத்துப் பார்த்தால் விசர் இருக்கிறதா என்று தெரியாதா?" எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தெரியாது. இந்த வைரஸ் இரத்தத்தில் பயணம் செய்வதில்லை. கடித்த இடத்தில் இருந்து நரம்பு வழியாக ஊர்ந்து ஊர்ந்து மூளைக்குப் போகிறது. மூளையில் பெருகிய பிறகுதான், மறுபடி நரம்பு வழியாக இறங்கி உமிழ்நீருக்கு வருகிறது. அதனால் உயிரோடு இருக்கிற நாயில் நம்பிச் செய்யக்கூடிய ஆய்வுகூடப் பரிசோதனை இல்லை. மூளை வேண்டும். மூளை வேண்டுமானால் நாய் செத்திருக்க வேண்டும்.

அப்படியானால் கடித்த நாயைக் கொன்றுவிடலாமே என்று நினைப்பீர்கள். வேண்டாம். உயிரோடு இருக்கிற நாய்க்கும் ஒரு பரிசோதனை உண்டு, அதற்குத் தேவை ஒரு நல்ல கயிறு. உமிழ்நீரில் வைரஸ் வந்துவிட்டது என்றால், அந்த நாய் அதிக நாள் தாங்காது. சில நாட்களிலேயே நோய்க்குறி காட்டும், காட்டிய பிறகு ஒரு கிழமை, பத்து நாளுக்குள் செத்துவிடும். ஆகவே கடித்த நாயைப் பாதுகாப்பாகக் கட்டிவைத்து, சாப்பாடும் தண்ணீரும் தள்ளி வைத்துக் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனம் 10 நாள் என்கிறது. எங்கள் நாட்டில் 14 நாள் பார்க்கச் சொல்கிறோம். 14 நாள் கழித்தும் அது வாலாட்டிக்கொண்டு நின்றால், கடித்த அன்று அதன் உமிழ்நீரில் வைரஸ் இருக்கவில்லை. இவ்வளவு மலிவான, இவ்வளவு நிச்சயமான பரிசோதனை வேறெங்கும் கிடையாது. அதைத்தான் நாம் பொல்லால் அடித்துக் கெடுத்துவிடுகிறோம். அந்த 14 நாளும் ஊசி போடுவதா, பொறுத்துப் பார்ப்பதா என்பதை ஆஸ்பத்திரி டொக்டர் தீர்மானிப்பார். அதை வீட்டில் இருந்து தீர்மானிக்காதீர்கள்.

தண்ணீரைக் கண்டு பயப்படவில்லை, அதனால் விசர் இல்லை என்பதையும் நம்பாதீர்கள். தண்ணீர்ப் பயம் மனிதருக்கு வருவது. விசர் பிடித்த நாய் தண்ணீர் குடிக்க முயலும், குளத்தில் இறங்கி நீந்தவும் கூடும். எல்லா நாயும் வெறிகொண்டு ஓடித்திரிவதும் இல்லை. சில நாய்கள் மூலைக்குள் ஒதுங்கிப் படுத்திருக்கும், தாடை தொங்கி, வாயால் வீணீர் வடியும். பாவம், என்ன ஆச்சு என்று கிட்டப் போய்த் தடவுகிறவர்தான் மாட்டிக்கொள்கிறவர்.

நாய் செத்துவிட்டால், அல்லது அவதிப்பட்டுக்கொண்டிருந்த நாயை மிருக வைத்தியர் கருணைக்கொலை செய்தால், தலை ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். அங்கே என்ன நடக்கிறது?

1903இல் இத்தாலியில் அடெல்கி நெக்ரி என்ற இளம் மருத்துவர், விசரால் செத்த மிருகங்களின் மூளையைச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தார். நரம்புக்கலங்களுக்குள் சின்னச் சின்ன உருண்டைகள் தெரிந்தன. இதுதான் நோயை உண்டாக்குகிற ஒட்டுண்ணி என்று நினைத்தார். நினைத்தது பிழை, ஆனால் கண்டது சரி! அவை வைரஸ் பெருகுகிற இடங்கள். இன்றுவரை அவற்றுக்கு நெக்ரி உடல்கள் என்றுதான் பெயர். பல பத்தாண்டுகள் உலகமே இந்த உருண்டைகளைத் தேடித்தான் நோயை நிச்சயித்தது. ஒரு சிக்கல் என்னவென்றால், விசரால் செத்த எல்லா மூளையிலும் அவை தெரிவதில்லை. தெரிந்தால் விசர் நிச்சயம், தெரியாவிட்டால் ஒன்றும் நிச்சயம் இல்லை. அப்போது மூளையைக் கரைத்துச் சுண்டெலிக்கு ஊசியால் ஏற்றி, எலி சாகிறதா என்று 28 நாள் வரைக்கும் பார்த்திருக்க வேண்டும். கடிபட்டவரின் வீட்டில் அந்த 28 நாளும் எப்படிப் போயிருக்கும்!

1958இல் வந்த முறைதான் இந்தக் காத்திருப்பை முடித்தது. வைரஸைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்கிற பிறபொருளெதிரியோடு ஒளிரும் சாயம் ஒன்றைச் சேர்த்துவிடுவார்கள். மூளையின் ஒரு சிறு பூச்சைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து, அசெற்றோனில் பதப்படுத்தி, இந்தக் கரைசலை ஊற்றி, அரை மணித்தியாலம் உடல் சூட்டில் வைத்துக் கழுவுவார்கள். வைரஸ் இருந்தால் சாயம் ஒட்டியிருக்கும், இல்லாவிட்டால் தண்ணீரோடு போய்விடும். பிறகு இருட்டறையில், அதற்கென்று உள்ள நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். கறுப்பு வெளியில் அப்பிள் பச்சை நிறத்தில் புள்ளி புள்ளியாக மின்னும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். தலை நல்ல நிலையில் போய்ச் சேர்ந்தால் சில மணித்தியாலத்தில் பதில் சொல்லிவிடலாம்.

நல்ல நிலையில் போய்ச் சேர்ந்தால். அங்கேதான் எல்லாம் இருக்கிறது.

பார்க்க வேண்டியது மூளைத்தண்டும் சிறுமூளையும். மண்டையில் பொல்லால் அடித்தால் அவை கூழாகிவிடும். இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் உருகிவிடும். சிலர் நல்லெண்ணத்தில், பழுதாகாமல் காக்கிற போமலின் திரவத்தில் போட்டு அனுப்புவார்கள், அதுவும் இந்தப் பரிசோதனைக்குச் சரிவராது. பழுதான மூளையில் பச்சை மின்னினால் விசர் இருக்கிறது என்று சொல்லலாம். மின்னாவிட்டால் விசர் இல்லை என்று சொல்லவே முடியாது. "பரிசோதனைக்கு உகந்ததல்ல" என்று அறிக்கை வரும். அதை வாசித்துவிட்டு, அப்பாடா, ஒன்றும் இல்லையாம் என்று மிச்ச ஊசியைப் போடாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். கேட்கவே நெஞ்சு பதறும். தலையின் முடிவு எதுவானாலும், டொக்டர் நிறுத்தச் சொல்லும்வரை ஊசியை நிறுத்தாதீர்கள்.

இங்கே ஒரு கதை சொல்லாமல் போனால் என் பழைய சகாக்கள் கோபிப்பார்கள்.

கொழும்பில், பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குத்தான் நாங்கள் தலைகளை அனுப்புவோம். யாழ்ப்பாணத்தில் இருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். போரால் பாதை பூட்டியிருந்த காலங்களில் அதற்கும் வழியில்லை, நோய்க்குறியை வைத்தே முடிவெடுத்தோம். பாதை திறந்த பிறகு, ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில் வைத்து, அலுவலகத்துத் தம்பி ஒருவரை இரவு பஸ்ஸில் ஏற்றிவிடுவோம். கொழும்பு பஸ்ஸின் வயிற்றுக்குள் என்னென்ன போகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முருங்கைக்காய், கறுத்தக்கொழும்பான், ஒடியல், அப்புறம் பிள்ளைகளுக்கு நண்டும் இறாலும். நண்டு போகிறதும் அதே வெள்ளைப் பெட்டியில், அதே ஐஸில். ஒருமுறை ஐஸ் உருகி, எங்கள் பெட்டியில் பேனையால் எழுதியிருந்தது எல்லாம் கரைந்துவிட்டது. விடிய வெள்ளவத்தையில் ஒருவர் வந்து, அக்கா அனுப்பிய நண்டு என்று எங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தம்பி நல்ல நித்திரை. பொரளையில் பெட்டியைத் திறந்தவர்கள் எங்களுக்குத் தொலைபேசி எடுத்தார்கள்: "நண்டு கிடைத்தது, நாய் எங்கே?"

வெள்ளவத்தை வீட்டில் அந்த அம்மா பெட்டியைத் திறந்திருக்கிறார். உள்ளே பொலித்தீன் பை, அதன்மேல் இன்னொரு பையில் சுற்றிய படிவம். நல்லகாலம், கத்தி வைக்க முதல் படிவத்தை வாசித்துவிட்டார். "விசர்நாயின் தலை" என்று வாசித்ததும் அவர் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டதாம். மத்தியானத்துக்குள் பெட்டிகள் இடம் மாறின. தலை கெடாமல்தான் இருந்தது, பச்சை மின்னியது. கடிபட்ட பிள்ளைக்கு முதல் நாளே ஊசி தொடங்கியிருந்தபடியால் ஒரு பயமும் இல்லை. நண்டுக்கு என்ன நடந்தது என்று மட்டும் நான் கேட்கவில்லை.

அந்தச் சிரிப்புக்குள் விஷயம் இருக்கிறது. மூளையோ தலையோ கசியாத மூன்று உறைக்குள் இருக்க வேண்டும், சுற்றிவர ஐஸ், படிவம் தனிப் பையில், வெளியே கரையாத மையில் எழுத்து. தலையை வெட்டுவது வீட்டுக்காரரின் வேலை அல்ல. கத்தியும் கோடரியும் எடுத்தால் மூளைத்துளி கண்ணில் தெறிக்கும். நீங்கள் செய்ய வேண்டியது, வெறுங்கையால் தொடாமல் உடலை நிழலில் மூடிவைத்து, பிஎச்ஐக்கோ மிருக வைத்தியருக்கோ உடனே அறிவிப்பது. அவ்வளவுதான். அடிக்காதீர்கள், எரிக்காதீர்கள், புதைக்காதீர்கள், அறிவியுங்கள்.

நாய் நாய் என்றே பேசிக்கொண்டு போகிறேன், மாட்டை மறந்துவிட்டேன். பனங்காய்க் காலத்தில் ஒருநாள் வலிகாமத்தில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். "டொக்டர், மாடு தின்னுதில்லை, தொண்டையிலை பனங்கொட்டை இறுகிப்போச்சு." எங்கள் ஊரில் இது சாதாரணம், பனம்பழம் தின்கிற மாட்டுக்குக் கொட்டை சிக்கும். வாயால் நுரை வடிகிறது, விழுங்க முடியவில்லை, எல்லாம் பொருந்துகிறது. ஆனால் அது கத்திய விதம் சரியில்லை. கரகரத்த குரலில், இடைவிடாமல், யாரையோ கூப்பிடுகிற மாதிரிக் கத்திக்கொண்டே நின்றது. பின்னங்கால் தள்ளாடியது. மூக்கைப் பார்த்தேன், ஆறிய பல்லுத் தடம். "ஒரு மாதத்துக்கு முந்தி மேயப்போன இடத்திலை நாய் கடிச்சது, சின்னக் காயம்தானே" என்றார் அந்த அம்மா. சொல்லும்போது அவரது வலது கையை முழங்கைவரை பார்த்தேன், உலர்ந்த வீணீர். கொட்டையை எடுக்க அவர் கைவிட்டுப் பார்த்திருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரரும் கைவிட்டிருக்கிறார். கையில் கீறல்கள் இருந்தன. அன்றைக்கே எல்லோரையும் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மாடு மூன்றாம் நாள் செத்தது, பரிசோதனையில் விசர்தான். ஆகவே வீணீர் வடிக்கிற மாட்டின் வாய்க்குள் வெறுங்கையை விடாதீர்கள். பாலை அந்த மாட்டில் கறக்கவே வேண்டாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். கட்டுப்பாடு என்ற இரண்டாம் பகுதி முழுதும் அப்படியே இருக்கிறது. ஓட்டமாகச் சொல்கிறேன்.

ஒரு பிரதேசத்தில் 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவ வழியில்லாமல் அறுந்துவிடும். ஆனால் ஆண்டுதோறும் போட வேண்டும், ஏனென்றால் ஊசி போட்ட நாய்கள் சாகும், ஊசி போடாத குட்டிகள் பிறக்கும். கொன்று குறைப்பது சரிவராது. ஒரு சந்தியில் நாய்களைக் கொன்றால் அடுத்த சந்தியில் இருந்து வேறு நாய்கள் வந்துவிடும், அவை ஊசி போடாதவை. இலங்கையில் 2006இல் அந்தக் கொலையை நிறுத்தினார்கள். 1970களின் தொடக்கத்தில் இந்த நாட்டில் ஆண்டுக்கு 300 பேருக்கும் மேல் விசரால் இறந்தார்கள். இப்போது அது 20, 30 என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. இறக்கியது நாய்த் தடுப்பூசியும் ஆஸ்பத்திரி ஊசியும்தான்.

பெட்டைக் குட்டிகளை உரப்பையில் கட்டிச் சந்தையடியிலும் கோயிலடியிலும் விட்டுவிட்டு வருகிறோமே, அவைதான் நாளைக்குக் கட்டாக்காலிகள். கருத்தடை செய்யுங்கள். கலியாண மண்டபத்துக்குப் பின்னால் கொட்டுகிற சோற்றைப் பற்றியும் எழுதி வைத்திருந்தேன், நேரம் இல்லை. பிரதேச சபை ஊசி போட வரும் நாளில் நாயைக் கட்டி வையுங்கள், குட்டி என்று விடாதீர்கள், பூனைக்கும் போடுங்கள். தடுப்பூசி அட்டையைக் குடும்ப அட்டையோடு சேர்த்து வையுங்கள், கடித்த அன்று ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான்.

நன்றி, வணக்கம்.