அடகுக்கடைக்குப் போன அண்டா
(கூட்டுறவு வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, நிகழ்ச்சி தொடங்குவதற்கு அரைமணி நேரம் முன்பாகவே வந்தமர்ந்து, பிந்தி வந்த என்னைப் போன்றோரை நாணச் செய்த கூட்டுறவுத் துறை இணைப்பதிவாளர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, பள்ளிக்கூடத்தின் பெஞ்சுகளை மனமுவந்து தந்த தலைமையாசிரியர் அவர்களே, சங்கச் செயலாளர் அவர்களே, இயக்குநர் குழுவினரே, தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். சென்ற ஆண்டு இதே மேடையில் ஒரு பெரியவரை விளிக்க மறந்துவிட்டு, அதற்காக ஆறு மாதம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான் என்பதால், இந்த முறை பட்டியலை எழுதியே கொண்டுவந்தேன். அந்தப் பட்டியலிலும் அழைப்பிதழிலும் இல்லாத சிலர், கரிமூட்டத்திலிருந்து நேராக வந்து, உட்கார்ந்தால் பெஞ்சு கறுத்துவிடும் என்று வாசலோரமாக நிற்கிறார்கள். அவர்களுக்குத் தனியே ஒரு வணக்கம். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். இன்று அவர்களை அம்பலத்தின் வாசல் வரைக்குமாவது வரவழைத்த செயலாளரைப் பாராட்டுகிறேன்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, வளரும் சமூகங்களில் வறுமைக்கான காரணங்கள். நிலம், நீர், கல்வி, நோய், கடன் என்று ஐந்து காரணங்களைக் குறித்துக்கொண்டு வந்தேன். நிலத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த மண்டபத்தில் பட்டா உள்ளவர்களைக் கையுயர்த்தச் சொன்னால் யார் யார் உயர்த்துவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். நீரைப் பற்றிப் பேசத் தொடங்கினால், வைகையின் கடைமடையில், கண்மாயையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்து வாழ்கிற நமக்கு விடிந்துவிடும் என்பதால், அதை வேறொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன். கல்விக்கும் நோய்க்கும் பின்னால் வருகிறேன்.

குடிப்பதாலும் உழைக்காததாலும் மக்கள் ஏழையாகிறார்கள் என்று, சாப்பிட்டு முடித்துவிட்டுப் பேசுகிறவர்கள் உண்டு. குடி கெடுக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண்பூசித் தீவைத்து, புகை எந்தப் பக்கம் வெடித்தாலும் ஓடிப்போய் அடைத்து, இரவெல்லாம் மூட்டத்துக்குக் காவலிருக்கிறவனை உழைக்காதவன் என்று எப்படிச் சொல்வது? அவன் ஈட்டுவது எங்கே போகிறது என்று பார்த்தால்தான் காரணம் பிடிபடும். இதற்கு என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன்பே கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாயார் சீதனமாகக் கொண்டுவந்தது ஒரு பித்தளை அண்டா. விளிம்பில் தாத்தாவின் பெயரும் ஊரும் வெட்டப்பட்டிருக்கும். ஆண்டுதோறும் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது அந்த அண்டா, சும்மாட்டின்மேல் ஏறி நகரத்து அடகுக்கடைக்குப் புறப்படும். தை அறுவடைக் கூலி கைக்கு வந்ததும் திரும்பி வரும். அறுபது ரூபாய்க்கு அடகு; நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி. எட்டு மாதத்துக்குப் பதினான்கு ரூபாய் நாற்பது காசு. தெருவில் யாராவது அண்டா கேட்டு வந்தால், “அது விருந்தாடப் போயிருக்குத்தா” என்பார் அம்மா. ஓர் ஆவணி மாதம், நகரத்தில் சற்று வசதியான உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தி முடிந்து கைகழுவப் போகும் வழியில், சமையல் கொட்டகையில் பாயசம் கிண்டிய அண்டா ஒன்றைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அம்மா நின்றுவிட்டார். குனிந்து விளிம்பைப் பார்த்தார். தாத்தாவின் பெயர்!

அடகுக்கடைக்காரர், தம்மிடம் வந்த பாத்திரங்களைக் கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். எங்களிடம் வட்டி, அவர்களிடம் வாடகை. எங்கள் அண்டாவில் வெந்த பாயசத்தை நாங்களே விருந்தாளியாகக் குடித்து, மொய்யும் எழுதிவிட்டு வந்திருக்கிறோம். (அவையினர் சிரித்தார்கள், அன்று என் அக்காளும் சிரித்துவிட்டு அம்மாவிடம் அடி வாங்கினாள்.) அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. “இது என் அண்டா” என்று சொல்லியிருந்தால், அது அடகில் இருப்பதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டியிருந்திருக்கும்? ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பதன் பொருள், பிறர் கேட்கமாட்டார்கள் என்பது மட்டுமன்று. சொன்னால் மானம் போகும் என்று ஏழையே வாயை மூடிக்கொள்வதும்தான். பதினோரு ஆண்டுகளில் நாங்கள் கட்டிய வட்டி நூற்று ஐம்பத்தெட்டு ரூபாய் நாற்பது காசு என்று பிற்பாடு நான் கணக்குப் போட்டேன். தாத்தா அதைக் கடையில் வாங்கிய விலை தொண்ணூறு ரூபாய்.

அண்டாவின் காலம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இன்று சந்தைக்குக் கருவாடு கொண்டுபோகும் பெண், காலையில் தண்டல்காரரிடம் பத்தாயிரம் வாங்கினால் கையில் கிடைப்பது 8,500; நாளொன்றுக்கு நூறு ரூபாயாக நூறு நாளில் பத்தாயிரத்தையும் கட்ட வேண்டும். முதல் நாளிலிருந்தே அசலும் கரைந்துகொண்டிருப்பதால், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இந்த வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டுகிறது. நிலமும் அதற்குச் சான்றான சிட்டாவும் அடங்கலும் உள்ளவருக்கோ, தவணை தவறாமல் கட்டினால் கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடனுக்கு நம் மாநிலத்தில் வட்டியே கிடையாது. விவசாயிக்குக் கிடைக்கிற சலுகையில் எனக்குப் பொறாமையில்லை. ஒன்றுமில்லாதவர்தான் பணத்துக்கு மிக அதிக விலை கொடுக்கிறார் என்பதையே சொல்கிறேன்.

நோய்க்கு வருகிறேன் என்றேன். அதுவும் இங்கேதான் வந்து சேருகிறது. காப்பீட்டு அட்டை அறுவைச் சிகிச்சைக்கு உதவலாம். நள்ளிரவில் ஆட்டோவுக்கும், உடனிருப்பவரின் சாப்பாட்டுக்கும், பத்து நாள் இழந்த கூலிக்கும் அட்டை கிடையாது. இப்படிச் சேரும் பத்தாயிரத்துக்காகத்தான் ஒரு குடும்பம் செங்கல் சூளைக்காரரிடம் முன்பணம் வாங்குகிறது. முன்பணம் கழியும் வரை பிள்ளைகளோடு சூளையில் கிடக்கிறது. பிள்ளையின் படிப்பு அங்கே முடிகிறது. கல்வியைப் பற்றி நான் சொல்ல நினைத்ததும் இதற்குள் அடங்கிவிட்டது. கொத்தடிமை முறையை ஒழித்து, அந்தக் கடனும் செல்லாது என்று அறிவித்த சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-இல் வந்தது. இரண்டும் நல்ல சட்டங்களே. ஆனால் பழைய கடனைச் செல்லாது என்று சொல்கிற சட்டம், நாளை இரவு காய்ச்சல் வந்தால் கைமாற்று கொடுக்காது.

இதற்கு மருந்து தேடியவர்கள் நம் மாகாணத்தில் முன்பே இருந்தார்கள். ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியைச் சென்னை மாகாண அரசு 1892-இல் இந்தப் பணியில் அமர்த்தியது. ஐரோப்பியக் கிராமங்களின் கடன் சங்கங்களை ஆராய்ந்து அவர் எழுதிய நீண்ட அறிக்கையின் சாரம், “ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள்” என்பதே. ரைஃபைசன் ஜெர்மனியில் ஒரு சிற்றூர் நிர்வாகி. ஒருவரையொருவர் அறிந்த ஓரூர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றால், அந்த நாணயமே போதிய ஈடு என்று செய்து காட்டியவர். அந்த வழியில் 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் சங்கம் தொடங்கிவிட்டது. ஆனால் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து நாடு முழுவதும் எடுத்த ஊரகக் கடன் ஆய்வில், உழவர் வாங்கிய ஒவ்வொரு நூறு ரூபாயிலும் கூட்டுறவு தந்தது மூன்று ரூபாய் சொச்சம். ஏறக்குறைய எழுபது ரூபாய் வட்டிக்காரர்களுடையது. ஆள் ஈடு என்று தொடங்கியது நில ஈடாகவும் நகை ஈடாகவும் மாறிய இடத்தில் நாம் வழி தவறினோம் என்பது என் கருத்து. சங்கங்களில் போலி நகையும் பினாமிக் கடனும் புகுந்த கதைகளை நானும் அறிவேன். இணைப்பதிவாளர் அவர்கள் என்னைவிட அதிகம் அறிவார்.

எனவே என் பழைய கோரிக்கையை மீண்டும் வைக்கிறேன். “இவனுக்கு வேறு பேச்சே கிடையாது” என்று நண்பர்கள் கேலி செய்வது காதில் விழாமல் இல்லை. நிலமும் நகையும் இல்லாத உறுப்பினருக்கு, இரண்டு உறுப்பினர்களின் கையொப்பத்தை மட்டும் ஈடாகக் கொண்டு, கேட்ட அன்றே பத்தாயிரம் ரூபாய் வரை கைமாற்றாகத் தரச் சங்கம் தன் ஆதாயத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்க வேண்டும். மகளிர் குழுக்கடன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் குழு கூடி, தீர்மானம் போட்டு, வரிசை வருவதற்குள் காய்ச்சல் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. இந்தக் கோரிக்கையைச் சங்கத்தின் சென்ற பேரவைக் கூட்டத்தில் ஒரு கரிமூட்டத் தொழிலாளி எழுப்பியபோது, நேரமில்லை என்று உட்காரவைத்துவிட்டார்கள். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பதை நாமே நிகழ்ச்சி நிரலில் அச்சடித்து வைத்திருக்கலாம்.

தீர்மானத்தின் நகலைத் தேநீர் மேசையில் வைத்திருக்கிறேன். அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு முன்பாக நூறு உறுப்பினர்களின் கையொப்பம் வேண்டும். கைநாட்டு வைப்போருக்கு மைப்பெட்டியும் உண்டு. தேநீர் இருப்பது அந்த அண்டாவில்தான். போன மாதம்தான் ஈயம் பூசினேன். பேரை யாரும் பார்க்காமல் போய்விடாதீர்கள். கைப்பிடிக்கு வலப்பக்கம், விளிம்பின் உட்புறத்தில் இருக்கிறது. வணக்கம்.