பழைய கறையான் இரை ஒன்று இருந்தால் காப்புரிமை விழுந்துவிடுமா?

"கறையானுக்கு விஷ இரை வைக்கும் பெட்டிக்குக் காப்புரிமை இருக்கிறது. ஆனால் விஷம் ஏற்றிய மரத்துண்டைப் புதைப்பது அதற்கு முன்பே இருந்ததே, பிறகு அது எப்படிச் செல்லும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி, படித்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது.

அவர் சொல்வது உண்மைதான். 1960களிலேயே வட அமெரிக்காவில் மைரெக்ஸ் என்ற நஞ்சை ஏற்றிய மரத்துண்டுகளைக் கறையானுக்கு வைத்துச் சோதித்தார்கள். முடிவுகளும் அச்சில் வந்தன. சரி, அதனால் பின்னால் வந்த எல்லாமே செல்லாதா? வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு நான் என்ன சொல்வேன் என்று தெரியும்: படத்தைப் பார்க்காதீர்கள், க்ளெய்மைப் படியுங்கள். க்ளெய்ம் என்றால், காப்புரிமை எதற்கு உரிமை கோருகிறது என்று சொல்லும் வாசகம்.

ஒரு க்ளெய்ம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மண்ணுக்குள் துளையிட்ட உறை ஒன்று. அதற்குள் முதலில் வெறும் மரம், விஷம் கிடையாது. அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும். கறையான் ஏறியது தெரிந்ததும், உறையை அசைக்காமல் மரத்தை மட்டும் எடுத்துவிட்டு, மெதுவாகக் கொல்லும் இரையை வைக்க வேண்டும். பழகிய வழியிலேயே கறையான் வந்து தின்று, கூட்டில் மற்றவற்றுக்கும் ஊட்டும்.

இப்போது பழைய மரத்துண்டைப் பக்கத்தில் வையுங்கள். மரம் இருக்கிறது, விஷம் இருக்கிறது. முதலில் கண்காணித்துப் பிறகு மாற்றும் வேலை அதில் எங்கே? புதுமை இல்லை என்று வீழ்த்த வேண்டுமானால், க்ளெய்மில் உள்ள அத்தனை அம்சமும் ஒரே பழைய ஆவணத்தில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த வாதம் நிற்காது. அப்புறம், இரண்டு ஆவணங்களைச் சேர்த்து, துறை தெரிந்த எவருக்கும் இது தோன்றியிருக்கும் என்று வாதாடலாம். உண்மையான சண்டை நடப்பது அங்கேதான்.

பிரிட்டனில் பாய்மரப் பலகை வழக்கு ஒன்று உண்டு. 1958இல் ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற 12 வயதுப் பையன் தானே ஒரு பலகை செய்து ஓட்டியிருந்தான். பின்னால் வந்த காப்புரிமையில் பாயைப் பிடிக்கும் கம்புகள் வளைந்தவை, பையனுடையவை நேரானவை. ஆனால் ஓட்டும்போது அவையும் வளைந்துகொடுத்தன. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்று, காப்புரிமை செல்லாது என்றது. ஒரு கம்பின் வளைவு வரை போய்ப் பார்த்தார்கள், கவனியுங்கள். அதனால்தான் க்ளெய்மைப் படியுங்கள் என்கிறேன்!

என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இன்னொன்று: தேதியை எதைக் கொண்டு நிரூபிப்பது? அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் 'இன்டர் பார்ட்டீஸ் ரிவ்யூ' என்ற மறுஆய்வில் பழைய காப்புரிமைகளையும் அச்சில் வந்தவற்றையும் மட்டுமே ஆதாரமாக வைத்துத் தாக்க முடியும். "அப்போதே எல்லோரும் புதைத்தார்கள்" என்ற பேச்சு அங்கே எடுபடாது, அதற்குப் பெரும்பாலும் நீதிமன்றம்தான் போக வேண்டும். அதனால் பழைய வேளாண் ஆய்வு அறிக்கைகளைத் தேடுங்கள். க்ளெய்மின் முன்னுரிமைத் தேதியை, அதாவது அதற்கு முதன்முதலில் விண்ணப்பித்த தேதியை, ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, அதற்கு முந்தியவற்றை மட்டும் எடுங்கள்.